பல் தேயுமுன் தொங்கிய சங்கிலி: வள்ளியூர்ப் பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆனி மாசக் கடைசியில் எங்கள் பட்டறைக்கு ஒரு செயின் திரும்பி வந்தது. மர அறுப்பு மிஷினில் ஓடுகிற சங்கிலி. கொண்டுவந்தவர் விஜயநாராயணம் பக்கம் குளத்துக்குள் சீமைக் கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போடுகிற ஒப்பந்தக்காரர். பத்து வருஷமாக எங்களிடம்தான் வருகிறார். மேஜைமேல் செயினைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, பல்லு பாதிகூடத் தேயல. அதுக்குள்ள செயினு தொங்கிட்டு. டைட் வைக்க இடமில்ல. நேத்து பார விட்டுக் கழண்டு பயலுக்கு முழங்காலுக்குக் கீழ அடிச்சிட்டு. நல்ல வேள, எலும்புக்கு ஒண்ணுமில்ல."

பையனுக்கு ஆறு தையல். லுங்கியும் ரப்பர் செருப்புமாக நின்று அறுத்திருக்கிறான். அதைக் கேட்டதும், செயினை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய மூன்று மாசத்தில் அவர் வாங்கிய மூன்று செயினும் இப்படியே செத்திருந்தன. நான் சென்னையில் ஒரு மோட்டார் சைக்கிள் சங்கிலித் தொழிற்சாலையில், கோர்ப்பு வரிசையில் ஒன்பது வருஷம் நின்றவன். ஒரு சங்கிலி எங்கே சாகிறது என்று பார்க்கத் தெரிந்தவன் பார்க்காமல் விட்டால் அது தப்பு.

அன்று தொடங்கிப் புரட்டாசி வரை பார்த்ததையும் அளந்ததையும் இங்கே எழுதுகிறேன். மர வேலையில் இருக்கிறவர்களுக்கும், சங்கிலி செய்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

செயினின் உடம்பு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் டிரைவ் லிங்க். அதன் வால்தான் பாரின், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின், காடிக்குள் ஓடுகிறது. இன்ஜின் சுழற்றுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பிடித்து இழுப்பதும் அதைத்தான். இரண்டு பக்கமும் டை ஸ்ட்ராப் என்கிற பட்டைகள். சில இடங்களில் ஒரு பக்கப் பட்டைக்குப் பதில் பல் இருக்கும். எல்லாவற்றையும் கோர்ப்பது ரிவெட். அந்த ரிவெட் நேரான கம்பி கிடையாது. நடுப்பாகம் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். முனைகள் பட்டைகளில் இறுகி நிற்கும். பருத்த நடுப்பாகம் டிரைவ் லிங்கின் துளைக்குள் திரும்பும். மூட்டு என்று நான் சொல்வது அந்த இடத்தை.

ஒப்பந்தக்காரரின் மிஷினில் ஓடுவது 20 அங்குல பார், மூன்று எட்டு பிட்ச் (ரிவெட் இடைவெளிக்குப் பெயரளவில் சொல்கிற 3/8 அங்குலம்), 1.6 மில்லிமீட்டர் காடி, 72 டிரைவ் லிங்க். ஒரு டிரைவ் லிங்குக்கு இரண்டு ரிவெட். ஆக ஒரு செயினில் 144 மூட்டு. ஒவ்வொன்றிலும் எஃகும் எஃகும் உரசுகிற அகலம் 1.6 மில்லிதான், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்.

அந்தச் சிறு இடம் படுகிற பாட்டைக் கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். ஸ்ப்ராக்கெட்டில் ஏழு பல். இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று ஓடினால், செயின் பாரை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 970 தடவை சுற்றி வரும். நொடிக்கு 16. ஒவ்வொரு சுற்றிலும் மூட்டு ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்கிறது. பாரின் மூக்கில் மறுபடி மடங்கி நிமிர்கிறது. நொடிக்கு அறுபது தடவைக்கு மேல். ஸ்ப்ராக்கெட்டில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் சுமார் 25 பாகை திரும்புகிறது, அதுவும் முழு இழுவையில்.

1940களின் பின்பாதியில் அமெரிக்காவின் ஓரிகன் பக்கம் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைகிற வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து இன்றைய பல்லின் வடிவத்தைக் கண்டார். அதற்குப் பிறகு பல்லுக்கு எவ்வளவோ செய்துவிட்டார்கள். கடின குரோமியம் பூசினார்கள், கார்பைடு முனை வைத்தார்கள். மூட்டுக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் போய்ச் சேர டிரைவ் லிங்கில் வழி வெட்டுகிறார்கள், பட்டையில் எண்ணெய் தங்கப் பள்ளம் வைக்கிறார்கள். ஆனால் மரம் அறுக்கிற சாதாரணச் செயினின் மூட்டு இன்றும் வாய் திறந்தபடியேதான் இருக்கிறது. எண்ணெய் போகிற அதே வாய் வழியாக மண்ணும் போகலாம்.

முதலில் சந்தேகப்பட்டது என்னை

100 அடிச் சுருளாக வாங்கி, கேட்ட நீளத்துக்கு வெட்டி, முனைகளை நானே ரிவெட் அடித்துத்தான் கொடுக்கிறேன். ஒரு சுருளில் 72 லிங்க் செயின் 22 தேறும். ரிவெட் தலையைச் சுழற்றி மடிக்கிற சின்ன மிஷின் பட்டறையில் இருக்கிறது. அதில் பிழை நடந்தால் மூட்டு இறுகும் அல்லது தளரும். அதனால் என் கைவேலையைத்தான் முதலில் சோதித்தேன்.

செயினை ஓர் இடத்தில் அறுத்து, சுவர் ஆணியில் தொங்கவிட்டு, கீழே ஐந்து கிலோ படிக்கல் கட்டினேன். ரிவெட்டுக்கு ரிவெட் 100 இடைவெளி எண்ணி அளந்தேன். இந்தச் செயினில் ஓர் இடைவெளி 9.32 மில்லி, 100 என்றால் 932. புதுச் சுருளில் அளந்தால் அதேதான் வருகிறது. செத்த செயினில் 942. மூட்டுக்குப் பத்தில் ஒரு மில்லி. கையால் தடவினால் தெரியாத தேய்மானம்தான், ஆனால் 144 மூட்டுக்கும் சேர்த்தால் 14 மில்லிக்கு மேல். டைட் வைக்க இடமில்லாமல் போனதன் காரணம் இதுதான்.

நான் ரிவெட் அடித்த இடம் 144இல் இரண்டே மூட்டு. நீட்சியோ செயின் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது. பத்துப் பத்து இடைவெளியாக அளந்தாலும் அப்படியே. என் கைமேல் தப்பில்லை என்பது அங்கேயே தீர்ந்தது.

அடுத்த சந்தேகம் சுருளின் எஃகு. அதே சுருளிலிருந்து வெட்டின இரண்டு செயின் செங்கோட்டைக்குப் போயிருந்தது. அங்கே ஒருவர் தூங்குமூஞ்சி, மா, பலா என்று தோப்பு மரம் அறுக்கிறார். போன் போட்டேன். "அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி, பல்லுல கடைசிக் கோட்டுக்கு வந்துட்டு" என்றார். பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி அளந்தேன். 935. பல் முழுக்க அரம் போட்டுத் தீர்ந்த நிலையில் மூட்டு அவ்வளவுதான் தேய்ந்திருந்தது. ஒரு செயின் சாக வேண்டிய முறை அது. பல்லும் மூட்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தீர வேண்டும்.

எஃகு ஒன்று, ரிவெட் அடித்த கையும் ஒன்று. மண்தான் வேறு.

மூட்டைத் திறந்தபோது

ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மணல் தெரியும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். சட்டைக் காலரில், சோற்றுப் பானையில், வண்டி ஏர் பில்டரில் எல்லாம் அது இருக்கும். மணலில் பெரும்பாகம் குவார்ட்ஸ். பத்து வரை போகிற மோஸ் கடினத்தன்மை அளவில் 7. எங்கள் கடற்கரை மணலில் கார்னெட்டும் உண்டு. உப்புத்தாளில் ஒட்டுகிற பொருளும், தண்ணீரைப் பாய்ச்சி இரும்பை அறுக்கிற மிஷினில் தண்ணீரோடு கலக்கிற பொருளும் அதுதான். அதனால், தேரி மணல்தான் செயினைத் தின்கிறது என்று மூட்டைத் திறப்பதற்கு முன்பே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த முடிவு பாதிதான் சரி. ரிவெட்டைத் தட்டிக் கழற்றி, டிரைவ் லிங்கை வெள்ளைத் துணியில் துடைத்தேன். ஒட்டியது செம்மணல் இல்லை. கறுப்பும் காவியும் கலந்த ஒரு பசை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் பல் துலக்குகிற பொடிபோல நைசாக இருந்தது. பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, கண்ணில் மாட்டுகிற லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மணல் குருணை ஒன்றுகூட முழுசாக இல்லை.

யோசித்தால் காரணம் எளிது. ரிவெட்டின் பருத்த பாகம் டிரைவ் லிங்கின் தடிமனைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கும். இருந்தால்தான் பட்டைகள் லிங்கை நெரிக்காமல் மூட்டு மடங்கும். அந்த மயிரிழைச் சந்துதான் வாய். தேரிக் குருணை அதைவிடப் பெரிசு. அப்படியே நுழைய முடியாது. பாரின் காடியிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் அரைபட்டு மாவான பிறகுதான் நுழையும். குளத்து வண்டலோ ஏற்கெனவே மாவு. அரைக்கக் காத்திருக்க வேண்டாம், நேரே உள்ளே போகும். போய் எண்ணெயோடு சேர்ந்து வால்வு தேய்க்கிற பசைபோல வேலை செய்யும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம். தாமிரபரணி இழுத்து வந்து போட்ட மரங்களைத் துண்டு போட ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எங்கள் செயின்கள் போயிருந்தன. திரும்பி வந்தவை எல்லாம் தொங்கின. அவசரத்தில் முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பார்கள் என்று அன்று நினைத்துவிட்டேன். மரப் பட்டைக்குள் வண்டல் ஏறியிருந்ததை நான் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும்.

ரிவெட்டின் நடுப்பாகத்தில் ஒரு பக்கம் மட்டும் படி விழுந்திருந்தது. நகத்தால் வருடினால் தட்டும். மறுபக்கம் புதுசு மாதிரி மினுங்கியது. இழுவை ஒரே திசையில் விழுவதால் ஒரு பக்கமே தேயும். கிணற்று மேட்டில் கயிறு உரசின கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தழும்பு புரியும்.

"கொஞ்சம் மேலே வெட்டக்கூடாதா?" என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாத கேள்வி. சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் ஆறே மாசத்தில் அடியிலிருந்து புதராகத் தழையும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோதும் வேரோடு எடுப்பதுதான் பேச்சாக இருந்தது. ஜேசிபி வைத்துப் பிடுங்குகிறார்கள். பிடுங்கின வேர்க்கட்டையையும் விட முடியாது, அதில்தான் நல்ல கரி விழும். "வேர அறுக்காம என்ன அண்ணாச்சி செய்ய? கூலியே அதுலதான வருது" என்றார். மண்ணை அறுக்காதே என்று அவரிடம் சொல்வதில் நியாயமே இல்லை. மண்ணோடுதான் அவருடைய வேலை.

நான்கு செயின்

ஆடி பிறந்ததும் ஒரே சுருளில் நான்கு செயின் வெட்டினேன். ஒரே மிஷின், ஒரே ஆள், ஒரே குளம், வேர்க்கட்டை மட்டும். ஒவ்வொன்றும் நான்கு டேங்க் பெட்ரோல். பார் காடியும் எண்ணெய்த் துளையும் ஒவ்வொரு முறையும் சுத்தம்.

முதல் செயினுக்கு நல்ல செயின் ஆயில். ஒட்டும் தன்மை உள்ளது, வேகத்தில் சிதறாது. நான்கு டேங்குக்குப் பிறகு 935.

இரண்டாவதற்கு அவர் வழக்கமாக ஊற்றுகிற, லாரி செட்டில் வாங்கும் பழைய இன்ஜின் ஆயில். 938. அதில் ஒட்டும் தன்மை இல்லை, போதாததற்கு இரும்புத்தூளும் கரியும் வேறு.

மூன்றாவதைத்தான் நான் பெரிசாக நம்பினேன். கிரீஸைச் சூடாக்கி உருக்கி, அதில் செயினை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். மூட்டெல்லாம் கிரீஸ் ஏறியிருக்கும், மண் நுழைய இடமிருக்காது என்று எண்ணம். 937. முதல் டேங்கில் அருமையாக ஓடியது. பிறகு வெளியே ஒட்டின கிரீஸே வண்டலைப் பிடித்து வைத்துக்கொண்டது. மேலிருந்து வருகிற எண்ணெய் மூட்டைக் கழுவ வழியில்லை. நல்ல ஆயில் மட்டும் விட்ட செயினைவிட இது மோசம். கிரீஸில் ஊறவைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு, நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மண் இல்லாத தோப்பு மரத்துக்கு அது எப்படியோ, குளத்து வேலைக்கு வேண்டாம்.

நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் ஓ-ரிங் செயின் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பின்னிலும் இரண்டு பக்கமும், உள்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். தொழிற்சாலையில் கிரீஸை உள்ளே வைத்து, வளையத்தை மாட்டி, வெளிப்பட்டையை அளவாக அழுத்தி ரிவெட் அடிப்போம். அழுத்தம் கூடினால் வளையம் நசுங்கி மூட்டு இறுகும், குறைந்தால் மண் போகும். அந்த அளவைப் பிடிப்பதுதான் அந்த வரிசையில் முக்கியமான வேலை. புல்டோசர் பட்டையிலும் சீல் வைத்த மூட்டு உண்டு. கான்கிரீட் சுவரை அறுக்கிற வைரச் செயினிலும் உண்டு. அது எண்ணெய் இல்லாமல் தண்ணீரில் ஓடுகிறது, சிமெண்டுச் சேற்றில் முழுகியபடி. அதற்கு வளையம் வைக்காவிட்டால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மரச் செயினில் அதைச் செய்தால் என்ன? முழுச் செயினையும் என்னால் கோர்க்க முடியாது. ஆனால் செயின் இணைக்க ரிவெட்டோடு கூடிய பட்டை தனியாகக் கிடைக்கும். பல் இல்லாத ஆறு இடங்களில் பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்தேன். பன்னிரண்டு மூட்டு. துளைக்குள் கிரீஸ் தடவி, டிரைவ் லிங்கின் இரண்டு முகத்திலும் துளையைச் சுற்றிச் சிலிகான் கேஸ்கெட் பசையை ஊசி முனையால் மெல்லிய வளையமாக வைத்து, பட்டையைப் போட்டு ரிவெட் அடித்தேன். வினிகர் வாடை அடிக்கிற சிலிகானைத் தொடவில்லை, அது எஃகைத் துருவேற்றும். ஒரு நாள் காயவிட்டேன். மற்ற 132 மூட்டும் தொழிற்சாலையில் வந்தபடியே. ஒரே செயினுக்குள் சீல் வைத்த மூட்டும் வைக்காத மூட்டும் ஒரே மண்ணைத் தின்னும். இதைவிட நேரான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

நான்கு டேங்க் முடிந்து வந்ததும் பன்னிரண்டையும் திறந்தேன். ஏழில் சிலிகான் பிதுங்கிப் போய்விட்டது. ஓரத்தில் நூல்போல ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அதே காவிப் பசை. மீதி ஐந்தில் வளையம் இருந்தது. அந்த ஐந்து ரிவெட்டைத் துடைத்துப் பார்த்த காலை நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிரீஸ் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ரிவெட்டில் படி இல்லை. மைக்ரோமீட்டரில் புது ரிவெட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் காட்டவில்லை. பக்கத்திலேயே இருந்த சீல் இல்லாத ரிவெட்டுகளில் நூறில் இரண்டு மில்லி போயிருந்தது.

ஐந்து மூட்டை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏழு ஏன் போயின என்பதுதான் எனக்குப் பெரிய பாடம்.

சீலுக்கு ஒரு வீடு

சிலிகானுக்கு உட்கார இடமில்லை. அந்த மயிரிழைச் சந்தில் வைத்த எதுவும் ஒவ்வொரு மடிப்பிலும் வெளியே தள்ளப்படும். மோட்டார் சைக்கிள் செயினில் பட்டைகளுக்கு நடுவே வளையம் உட்கார இடம் விட்டே வடிவமைக்கிறோம். இங்கே பட்டையும் லிங்கும் முகத்தோடு முகம். ஆகவே துளையைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் வேண்டும்.

அந்தப் பள்ளத்தைப் பட்டறையில் வெட்ட முடியாது. நான் முயன்றேன். லிங்குகளைத் தொழிற்சாலையில் சூடேற்றிக் கடினப்படுத்தியிருக்கிறார்கள். துளைக் கருவி வழுக்கியது. அரைக்கல்லை வைத்தால் எஃகு நீலம் பாய்ந்து கடினம் போகிறது. தகட்டிலிருந்து லிங்கை வெட்டுகிற பிரஸ்ஸிலேயே, கடினப்படுத்துவதற்கு முன்னால், அந்தப் பள்ளத்தையும் அழுத்தி எடுத்துவிட வேண்டும். பிறகு சூடேற்றல், பிறகு கோர்க்கும்போது கிரீஸும் வளையமும், பிறகு ரிவெட். வரிசை மாறினால் வேலை நடக்காது. வாங்கின செயினுக்கு வெளியே எதைப் பூசினாலும் அது சீல் ஆகாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

பள்ளம் எந்தப் பக்கம்? முதலில் டிரைவ் லிங்கில் என்று நினைத்தேன். 1.6 மில்லித் தடிமனில் இரண்டு முகத்திலும் 0.3 எடுத்தால் மிஞ்சுவது ஒரு மில்லி. செயினின் மொத்த இழுவையையும் தனியாகத் தாங்குகிற உறுப்பு அது, துளையோரம்தான் அதன் பலவீனமான இடம். அறுந்தால் அறுக்கிறவன் கால்தான். இழுவையைப் பட்டைகள் இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் பள்ளம் பட்டையின் உள்முகத்தில் இருப்பதே சரி என்பது என் கணிப்பு. பல்லின் அடிப்பாகத்திலும் அதே பள்ளம் வேண்டியிருக்கும்.

வளையத்துக்குப் பதில் திரவமாகச் சீலை இட்டு அங்கேயே இறுக வைக்கலாம். அப்படிச் செய்தால் இறுக வைக்கிற சூடு, எஃகைப் பதப்படுத்தின சூட்டுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். பாரின் விளிம்பு உரசிச் சூடாவதால் சாதாரண நைட்ரைல் ரப்பர் சீக்கிரம் கட்டிதட்டிவிடும். விட்டான் மாதிரி சூடு தாங்குகிறது வேண்டும். கோர்த்த பிறகு தொழிற்சாலையில் செயினை ஒரு தடவை இழுத்துப் பதம் பார்க்கிறார்களே, அந்த இழுப்பையும் சீல் தாங்க வேண்டும்.

இன்னொன்று: சீல் வைத்துவிட்டால் மண் மட்டுமல்ல, பாரிலிருந்து வருகிற எண்ணெயும் உள்ளே போகாது. தொழிற்சாலையில் வைத்த துளிக் கிரீஸ்தான் கடைசி வரைக்கும். இதைக் கேட்டதும் என் பழைய தோழர் ஒருவர், இப்போதும் சங்கிலித் தொழிலில் இருப்பவர், போனில் தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது. "ஒரு செயினுக்கு 144 மூட்டு, மூட்டுக்கு ரெண்டு வளையம். 288 வளையம்ப்பா. பைக் செயினுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனா அது வருஷக்கணக்கா ஓடும். ஒன் செயினு?"

கேள்வி நியாயமானதுதான். தோப்பு மரம் அறுக்கிறவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை; செங்கோட்டைச் செயின் அதற்குச் சாட்சி. ஆனால் அவரிடம் நான் சொன்னது இது. சீல் பைக் செயின் மாதிரி வருஷக்கணக்கில் நிற்க வேண்டாம். பல்லின் கடைசிக் கோடு வரைக்கும் நின்றால் போதும். அதற்குப் பிறகு செயினே குப்பைக்குப் போகிறது. பல் தேய்வதற்குள் மூட்டு சாகாமல் பார்த்துக்கொள்கிற அளவுக்கு ஒரு சீல். கார்பைடு முனை வைத்த செயினுக்கு அது இன்னும் பொருந்தும். மண்ணில் அறுப்பதற்கென்றே விற்கிற, விலை பல மடங்கான பல் அது. நான் திறந்து பார்த்த இரண்டிலும் மூட்டு மட்டும் திறந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பட்டையில் பள்ளம் வைக்கிற படத்தை அனுப்பச் சொன்னார். கையால் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போதைக்கு

ஒப்பந்தக்காரர் பழைய ஆயிலை நிறுத்திவிட்டார். நல்ல ஆயிலின் காசு, தப்பிக்கிற செயினில் வந்துவிடும் என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார். குளத்து வேலையில் எண்ணெய் விடுகிற திருகைக் கூட்டி வைக்கிறார். கூடுதலாக ஓடுகிற எண்ணெய் மூட்டிலிருந்து பசையைக் கொஞ்சம் கழுவி எடுக்கிறது. வேர்க்கட்டையை ஒரு நாள் காயப்போட்டு, மண்வெட்டிப் பிடியால் தட்டி மண்ணை உதிர்த்த பிறகே அறுக்கிறார்கள். செயின் நீண்டுவிட்டால் ஒரு லிங்கை வெட்டி எடுத்துச் சுருக்கித் தரச் சொல்கிற பழக்கத்தை நான் மறுத்துவிட்டேன். மூட்டெல்லாம் நீண்ட செயினைச் சுருக்கினாலும் ரிவெட் இடைவெளி நீண்டது நீண்டதுதான். அது புது ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துத் தின்னும், மறுபடியும் கழன்று அடிக்கும்.

ஆவணியில் கொடுத்த செயின் புரட்டாசிக் கடைசியில் வந்தது. பல்லில் இன்னும் கால்வாசி பாக்கி. ஆணியில் தொங்கவிட்டு, படிக்கல்லைக் கட்டி அளந்தேன். 938. முன்னைக்கு நல்லதுதான், ஆனால் மூட்டு பல்லை இன்னும் முந்திக்கொண்டேதான் போகிறது.

தையல் போட்ட பையனும் கூட வந்திருந்தான். காலில் ஷூவும் தடித்த பேன்ட்டும். "அது என்ன அண்ணாச்சி, ஆணியில அஞ்சு ரிவெட்ட மட்டும் தனியாக் கட்டித் தொங்க விட்டிருக்கிய?" என்று கேட்டான். கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஒவ்வொன்றையும் நகத்தால் வருடிப் பார்த்தான். எதுவும் தட்டவில்லை.